தீனித் தட்டுக்கு வந்தவை

அந்தப் பறவை தானியத்தைத் தொடவே இல்லை.

அவள் கண்ணில் முதலில் பட்டது அதுதான். காலடியில் தினையும் சூரியகாந்தி விதையும் குவிந்து கிடக்க, குனிந்துகூடப் பார்க்காமல் ஒரு பறவை எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கும்? சிட்டுக்குருவி என்றால் வந்த வேகத்தில் நாலு கொத்து கொத்தி, பாதியைத் தரையில் இறைத்து, பக்கத்தில் வந்ததோடு ஒரு சண்டையும் போட்டுவிட்டுப் போயிருக்கும். புறா என்றால் தட்டு காலியாகும்வரை இடத்தைவிட்டு நகராது. இது வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, சமையலறை ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. டாக்டர் அறைக்கு வெளியே தன் முறைக்குக் காத்திருப்பவர்கள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

காத்திருப்பவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். பெரிய மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அங்கே ‘எக்ஸ்ரே மேடம்’ என்றால் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் தெரியும். ‘மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடலாம்’ என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாளோ! இப்போது அந்தக் குரலுக்கு வேலையில்லை. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் கடல் தாண்டி வேலையில் இருந்தாள். சில நாள் மதியத்துக்கு மேல் யாராவது தவறான எண்ணைப் போட்டுக் கூப்பிட்டு, இவள் ‘ஹலோ’ என்னும்போதுதான் தொண்டை கரகரத்துக் கிடப்பது அவளுக்கே தெரியவரும். அன்றைக்கு அவள் வாயைத் திறப்பது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

தீனித் தட்டு மகள் அனுப்பியது. மரத்தட்டு, மேலே சின்னக் கூரை, கொய்யா மரக் கிளையில் மாட்டச் சங்கிலி. கூடவே, பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம் போட்ட தடிமனான பறவைப் புத்தகம் ஒன்று.

“பேச ஆள் இல்ல, பேச ஆள் இல்லன்னு புலம்புறியேம்மா. இதுல தீனி போட்டு வை. ஒரு கும்பலே வரும் பாரு.”

வந்தது. காலை வெயில் கொய்யா இலைகளுக்குள் இறங்கும் நேரத்துக்குத் தோட்டம் சந்தைக்கடை மாதிரி ஆகிவிடும். சதா சிடுசிடுத்துக்கொண்டிருந்த குருவி ஜோடிக்கு ‘மாமியார், மருமகள்’ என்று பெயர் வைத்தாள். எல்லாவற்றையும் விரட்டிவிட்டுத் தட்டின் நடுவில் உட்காரும் கொழுத்த புறாவுக்கு ‘சூப்பரின்டென்ட்’. தானியம் வைக்கப் போகும்போது, “இருங்க, இருங்க, அடிச்சுக்காதீங்க, எல்லாருக்கும் உண்டு” என்று உரக்கச் சொல்வாள். சொன்ன பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது கேட்டிருப்பார்களோ என்று வெட்கமாக இருக்கும். அந்தப் பக்கம் காலி மனை. கேட்க யாரும் இல்லை.

இன்றைக்கு மாமியாரும் இல்லை, மருமகளும் இல்லை. சூப்பரின்டென்ட் காம்பவுண்டுச் சுவரின் கோடியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் எழுந்து, ஒரு சுற்றுகூடச் சுற்றாமல், நேராகத் தெருவைத் தாண்டிப் போய்விட்டது.

அவள் புத்தகத்தை எடுத்துவந்து ஜன்னல் திட்டில் விரித்தாள். மைனா அளவு. உடம்பெல்லாம் சாம்பல் நிறம். பளபளப்பில்லாத, துவைத்துத் துவைத்து வெளுத்த துணியின் சாம்பல். அலகும் சாம்பல். கண்ணைச் சுற்றி வளையம் இல்லை, இறக்கையில் பட்டை இல்லை, வாலில் புள்ளி இல்லை. அடையாளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லாத பறவை. புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். எந்தப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் கிட்டத்தட்ட ஒத்துப்போவதுபோல் இருந்து, கடைசியில் ஒத்துப்போகாமல் நழுவியது.

பிறகு அது எழுந்து நின்றது.

அவள் கை புத்தகத்தின் மேலேயே நின்றுவிட்டது. எலும்பு பார்த்தே பிழைத்தவள் அவள். பறவையின் கால் பின்னோக்கி மடங்குவதுபோலத் தெரியும், அது கணுக்கால், உண்மையான முழங்கால் இறகுக்குள் ஒளிந்திருக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். இந்தப் பறவை எழுந்தபோது கால் முன்னோக்கி மடங்கி நிமிர்ந்தது. நாற்காலியிலிருந்து ஒரு மனிதர் எழுந்திருப்பதைப்போல.

தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது. அவள் அதைக் கொட்டிவிட்டுக் கைபேசியில் படம் எடுத்து, பைனாகுலருக்கு அனுப்பினாள்.

பைனாகுலர் தெருமுனை வீட்டுக்காரர். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். பால் வாங்கப் போனாலும் கழுத்தில் பைனாகுலர் தொங்கும் என்பதால் தெருவுக்கே அவர் பெயர் அதுதான். நேரில் மட்டும் ‘சார்’. மனைவி பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மகன் வீட்டுக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டார். அவரும் தனிக்கட்டைதான். அவள் தோட்டத்துக்கு எது வந்தாலும் பெயர் சொல்வது அவர்தான். “முதல்ல அலகைப் பாருங்க மேடம், அப்புறம் வாலு, அப்புறம் நடை. மனுஷங்களையும் அப்படித்தான் கண்டுபிடிக்கணும், வாலு மட்டும் தெரியாது” என்பது அவருடைய நிரந்தர நகைச்சுவை.

மதியம் அவரே கூப்பிட்டார்.

“மேடம், படம் தெளிவாத்தான் இருக்கு. எனக்குத்தான் தெளிவா இல்ல. ஏதோ குஞ்சுப் பறவையா இருக்கும், நிறம் இன்னும் ஏறல. சத்தம் எப்படி?”

“சத்தமே போடல சார்.”

“சாப்பிடுச்சா?”

“இல்ல.”

“பின்ன எதுக்கு வந்துச்சாம்?” என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தபோது அது இன்னும் அங்கேயே இருந்தது.

அடுத்து வந்த காலைகளில் அவை கூடின. எப்போது வந்தன, எந்தத் திசையிலிருந்து வந்தன என்று அவளால் ஒருநாளும் பார்க்க முடியவில்லை. விடிந்து ஜன்னலைத் திறந்தால் தட்டில், கிளையில், துணிக்கொடியில், சுவரில் சாம்பல் நிறமாக உட்கார்ந்திருக்கும். பறந்து வந்தவை மாதிரியே இல்லை, யாரோ இரவில் வந்து அடுக்கிவைத்துவிட்டுப் போனதுபோல. மற்றப் பறவைகள் வருவது நின்றுபோயிற்று. அணில்கூட வரவில்லை. தோட்டத்தின் இரைச்சல் எல்லாம் வடிந்து, குழாய்ச் சொட்டும் குளிர்சாதனப் பெட்டியின் உறுமலும் மட்டும் கேட்கும் அந்த அமைதிக்குள், உற்றுக் கேட்டால், ஈரமான ஒரு சொடுக்கு. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கும் சத்தம். ஒன்று ஆரம்பிக்க, இன்னொன்று பதில் சொல்லும். அவள் ஜன்னல் பக்கம் வந்தால் நின்றுவிடும்.

தட்டில் போட்ட தானியம் போட்டபடியே ஊறிப் பூசணம் பிடித்தது. அவள் அதை வழித்துக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டாள். அருகில் போகும்போது அவை பறக்கவில்லை. கைக்கு வழி விடுவதுபோல் தலையை மட்டும் நகர்த்திக்கொண்டன. அந்த நெருக்கத்தில் ஒரு வாசனை வந்தது. பறவை எச்ச வாசனை இல்லை. மருத்துவமனையின் பழைய இருட்டறையில், எக்ஸ்ரே பிலிம் கழுவும் தொட்டிகளிலிருந்து எழும் அந்தப் புளிப்பு நெடி. மூக்கில் ஏறியதும் ஒரு கணம் அவளுக்கு வயது குறைந்து, சிவப்பு விளக்கின் கீழே ஈரப் பிலிமைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. கூடத்தில் யாரோ தன்னைக் கூப்பிடுவதுபோலவும் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை.

பயமாக இருந்ததா என்றால் இருந்தது. ஆனாலும் காலையில் எழுந்ததும் கால் ஜன்னலுக்குத்தான் போயிற்று. வராமல் போய்விட்டால்? அதுவும் ஒரு பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் வந்தாள். பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம், பேத்தியின் அழுகை, அவசரம்.

“சாப்பாடெல்லாம் ஒழுங்கா சாப்பிடறியாம்மா? மெலிஞ்ச மாதிரி இருக்கே.”

“நல்லாத்தான் இருக்கேன். ஏன்டி, அந்தப் புத்தகத்துல இல்லாத பறவையும் இருக்குமா?”

“இருக்கும், ஏன் இல்லாம? ஒரு நிமிஷம் இரு. இவ வேற...” மகள் திரையைவிட்டு நகர்ந்து திரும்பி வந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “ஆமா, ஜன்னல்ல எதுக்கு இவ்வளவு துணி காயப்போட்டிருக்கே? வெளிச்சமே வரல பாரு.”

“துணியா?”

“உனக்குப் பின்னாடிதான். சாம்பல் கலர்ல. பழைய போர்வையைக் கிழிச்சுத் தொங்கவிட்ட மாதிரி.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “ஆமா. துவைச்சேன்” என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. மகள் போனை வைத்த பிறகும் திரையின் மூலையில் தன் முகத்தின் சின்னச் சதுரம் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் கழித்துத் திரும்பினாள். ஜன்னல் கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல் ஆவி படிந்திருந்தது. வெளிப்பக்கம். சின்னச் சின்ன வட்டங்களாக.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் பைனாகுலர் நேரில் வந்தார். உற்சாகமாகத்தான் வந்தார். கையில் இன்னும் தடிமனான ஒரு புத்தகம்.

“இன்னைக்கு ஐயா பெயர் வெச்சே தீருவார் மேடம். டீ கடைசியில குடிக்கிறேன், ஜெயிச்ச சந்தோஷத்துல.”

சமையலறை ஜன்னலில் நின்று பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். முதலில் வாய்க்குள் முணுமுணுத்தபடி இருந்தார். “அலகு... குட்டைதான். வாலு...” பிறகு முணுமுணுப்பு நின்றது. அவர் கழுத்தோரம் ஒரு நரம்பு துடிப்பதை அவள் பார்த்தாள்.

“எல்லாமே இந்தப் பக்கம் பாக்குதே” என்றார்.

“எப்பவும் அப்படித்தான் சார்.”

“தட்டுல இருக்கறது மட்டுமில்ல. சுவத்துல இருக்கறதும். ஒண்ணுகூட ஒண்ணை ஒண்ணு பாத்துக்கல.” பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டார். “கிட்டப் போய்ப் பாத்தாத்தான் சரிப்படும்.”

“வேண்டாம் சார்.”

“பறவைதானே மேடம், புலியா?”

பின்கதவைத் திறந்துகொண்டு போனார். புல்லில் செருப்புச் சத்தம். அவை பறக்கவில்லை. அவர் கொய்யா மரத்தடிக்குப் போய், தட்டில் இருந்த ஒன்றுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனார், கண்ணாடிக் கடையில் விலை பார்ப்பவர்போல. அந்தப் பறவை கழுத்தை நீட்டியது. அலகைத் திறந்தது. அவருடைய தலை மறைத்ததால் அவளுக்கு உள்ளே தெரியவில்லை. அவர் அசையாமல் நின்றார். ஒரு பிலிம் எடுக்கிற நேரம். அதற்கும் மேலே. ‘இப்ப மூச்சை விடலாம்’ என்று தன் உதடு தானாகச் சொல்வதை உணர்ந்தாள்.

அவர் திரும்பி வந்தபோது உதட்டில் ரத்தமே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். தேநீர் வைத்தாள். தொடவில்லை.

“என்ன சார் பாத்தீங்க?”

“அதோட வாய்...” என்று ஆரம்பித்தார். கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார், ஏதோ பட்டுவிட்டதுபோல. “உள்ள போயிக்கிட்டே இருக்கு மேடம். முடியவே இல்ல.” பிறகு எழுந்தார். “தட்டை எடுத்துடுங்க. இன்னைக்கே. அது சாப்பிட வரல.”

“பின்ன?”

அவர் வாசலுக்குப் போனார். புதிய புத்தகத்தை மேசைமேலேயே விட்டுவிட்டார். கேட்டைத் தாண்டியதும் ஒருமுறை நின்று, கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றிச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தார்.

அவள் அன்றே தட்டைக் கழற்றினாள். சாம்பல் உடம்புகள் விலகி வழி விட்டன. சங்கிலியைச் சுருட்டி ஸ்டோர் ரூமில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

விடிந்தது. தோட்டத்தில் ஒன்றும் இல்லை. சாம்பல் பறவை ஒன்றும் இல்லை. குருவி இல்லை, புறா இல்லை, ஒரு காக்கை இல்லை. கொய்யாக் கிளை வெறுமனே நீண்டிருந்தது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள். ரொட்டியைச் சுட்டுக்கொண்டு வந்து ஜன்னலோரம் நின்று தின்றாள். டிவியைப் போட்டாள், அணைத்தாள். கட்டிலின் அந்தப் பக்கத்துத் தலையணை உறையை மாற்றினாள், அதில் யாரும் படுக்கவில்லை என்றாலும். அடுத்த நாளும் அப்படியே போயிற்று. அதற்கடுத்த நாளும். தன் காலடிச் சத்தம் ஒவ்வொரு அறையிலும் தனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வதுபோல் இருந்தது. மகளைக் கூப்பிட்டாள், மணி அடித்து நின்றது. பைனாகுலரைக் கூப்பிட்டாள், அதுவும் அப்படித்தான்.

யாராவது ஒருவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது. யாராக இருந்தாலும் சரி.

சாயங்காலம் ஸ்டோர் ரூமைத் திறந்து தட்டை எடுத்தாள். தன்னைத் தானே திட்டிக்கொண்டே தானியத்தை நிரப்பி, சங்கிலியை மாட்டினாள். “வாங்க” என்றாள். குரல் கரகரத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள்.

காலையில் அவை வந்திருந்தன. கூரையிலும். ஓடுகள் மேலே முழங்கால் மடக்கி நடக்கும் மெத்தென்ற காலடிகள், படுக்கையிலிருந்தே அவளுக்குக் கேட்டன. எழுந்துபோய்ப் பார்த்தபோது தட்டு முதல் முறையாகக் காலியாக இருந்தது.

பைனாகுலர் போனை எடுக்கவேயில்லை. அன்று முற்பகல், மனசு கேட்காமல், அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் தெருமுனைக்குப் போனாள். நல்ல வெயில். கேட்டின் கம்பியில் செய்தித்தாள்கள் சொருகியபடியே இருந்தன, பால் பாக்கெட் ஒன்று வெயிலில் உப்பிக் கிடந்தது. வாசல் கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை.

“சார்?”

உள்ளே அந்தப் புளிப்பு நெடி. தோட்டத்தைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே சாய்வு நாற்காலி போட்டிருந்தது. அதன் முதுகுக்கு மேலே அவருடைய நரைத்த தலை தெரிந்தது. பின்னோக்கிச் சாய்ந்திருந்தது. தூங்குகிறார் என்று நினைத்தாள். பாவம், தனியாக, ஜன்னலைத் திறந்துபோட்டுக்கொண்டு தூங்குகிறார்.

“சார், புத்தகத்தை விட்டுட்டு...”

தொண்டை அசைந்தது. அண்ணாந்த தொண்டையின் நடுவே ஒரு கட்டி மேலிருந்து கீழே மெதுவாக இறங்கிப் போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று.

அவள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

நாற்காலியின் கைப்பிடியில் அது நின்றிருந்தது. அலகு அவர் வாய்க்குள் இருந்தது. அலகு மட்டுமில்லை. கண்வரைக்கும். கழுத்து விம்மி விம்மி எதையோ மேலே தள்ள, அவர் விழுங்கினார். கன்னத்தில் வழிந்த கூழில் தினை இருந்தது. வேறு ஏதோவும் இருந்தது. சட்டைப் பொத்தான்களை வயிறு பிய்த்துக்கொண்டு வெளியே தள்ளியிருந்தது. அவர் கண்கள் திறந்திருந்தன. அவளைப் பார்த்தன. அடையாளம் தெரிந்துகொண்டன. கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய வலது கை பறவையின் முதுகில் இருந்தது. பிடித்துத் தள்ளவில்லை. தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

புத்தகம் கையிலிருந்து விழுந்தது. சத்தம் கேட்டுப் பறவை நிற்கவில்லை. ஒரு கண்ணை மட்டும் அவள் பக்கம் உருட்டிப் பார்த்துவிட்டு, வேலையைத் தொடர்ந்தது.

தெருவில் எப்படி ஓடினாள் என்று அவளுக்கு நினைவில்லை. ஒரு செருப்பு எங்கோ போயிருந்தது. வீட்டுக்குள் நுழைந்து முன்கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். பின்கதவு. படுக்கையறை ஜன்னல். சமையலறை ஜன்னல். மேசைமேல் இருந்த கைபேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

“அம்மா, மீட்டிங்ல இருக்கேன்மா. அவசரமா?”

“ஆமாம்டி, இங்க...”

“உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? முடிச்சுட்டுக் கூப்பிடறேன், சரியா?”

போய்விட்டது. அடுத்து அவள் விரல் தானாகப் போட்ட எண், தன் மருத்துவமனையின் எண். ஆயுளில் பாதி அந்த எண்ணைச் சொல்லியே கழிந்திருந்தது. ஓர் இளம் குரல் எடுத்தது.

“யாரு பேசறது?”

“நான் எக்ஸ்ரே மேடம் பேசறேன். ஒருத்தருக்கு மூச்சு முட்டுது, ஆம்புலன்ஸ் அனுப்பணும், உடனே...”

“எந்த மேடம்?”

“எக்ஸ்ரே மேடம்மா. ரிட்டையர் ஆனவ. உங்களுக்குத் தெரியாதா? பழைய ஆளுங்க யாரையாவது கூப்பிடு.”

“அப்படி யாரும் எனக்குத் தெரியாதுங்க. லைன்லயே இருங்க, மாத்திவிடறேன்.”

லைனில் இருந்தாள். உள்ளே மெல்லிய இசை ஓடியது. கைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு கூடத்தின் நடுவில், நாற்காலியில் உட்கார்ந்தாள். நல்ல வெயில் நேரம். தரையில் ஜன்னல் வடிவத்தில் வெளிச்சம் கிடந்தது.

அந்த வெளிச்சத்தின் ஓரம் கரைந்தது.

முதலில் மேகம் என்று நினைத்தாள். சதுரம் குறுகியது. ஒரு பக்கம். இன்னொரு பக்கம். கண்ணாடியில் இறகு உரசும் சத்தம், யாரோ பட்டுத்துணியை மெதுவாக மடிப்பதுபோல. படுக்கையறை இருண்டது. சமையலறை இருண்டது. கூடத்து ஜன்னலில் மேலே மட்டும் ஒரு கீற்று மிச்சம் இருந்தது. அதில் தூசி மிதந்தது.

நாக்குச் சொடுக்கு. வெளியே ஒன்று.

உள்ளே ஒன்று.

சமையலறையில், புகை போவதற்காக வைத்த வட்டத் துவாரத்தின் மூடி தரையில் விழுந்து சுழன்று அடங்கியது. பிறகு காலடி. மெத்து. மெத்து. அது பறக்கவில்லை. நடந்து வந்தது. வீட்டு மனிதர் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதுபோல, அவசரமில்லாமல். வாசற்படியில் நின்று அவளைப் பார்த்தது. அதன் தொண்டை புடைத்திருந்தது.

எழுந்திரு. ஓடு.

கால் அசையவில்லை. கைபேசி மடியில் நழுவி விழுந்தது. இசை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அது நாற்காலிக் காலைப் பிடித்து ஏறியது. முழங்கால் வரை வந்தது. கனம். எதிர்பார்க்காத அளவுக்குக் கனம். வெதுவெதுப்பு. புடவையைத் தாண்டித் தோலில் இறங்கிய அந்த வெதுவெதுப்பில் அவள் உடம்பு முழுக்கத் தளர்ந்தது. அவள்மேல் இன்னோர் உயிரின் சூடு பட்டு எவ்வளவு காலமாயிற்று. அவள் அழுதாள். சத்தம் வரவில்லை. அது தோளுக்கு ஏறியது. புளிப்பு மூச்சு. கன்னத்தில் இறகு.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

திறந்த வாய் மூடவில்லை. தாடை தானாக இன்னும் இறங்கியது. காதோரம் எலும்பு நெறுநெறுத்தது. இன்னும். கழுத்து பின்னால் சாய்ந்தது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. மெல்லிய, கீச்சென்ற சத்தம். கூட்டில் கிடக்கும் குஞ்சு போடுகிற சத்தம். அது அவளுடைய சத்தம்தான்.

அவள் அண்ணாந்தாள்.

கடைசிக் கீற்று வெளிச்சத்தில், கண்ணாடிக்கு அப்பால், சிவப்பாக, ஈரமாக, ஒன்றின் பின் ஒன்றாக, ஜன்னல் முழுக்க வாய்கள் திறந்தன.